கூத்துப் பந்தல் போடும் முறை: களம் குறிப்பதிலிருந்து குழி மூடுவது வரை

பந்தல் பொறுப்பை முதல்முறை ஏற்கிறவர்கள் பந்தல்காரரிடம் போய், "நாற்பதுக்கு அறுபது போட எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. கூரையின் அளவு கடைசியில் முடிவாக வேண்டியது. முதலில் ஆடுகிறவருக்கு இடம். அடுத்து பார்க்கிறவர் உட்கார இடம். அதற்கடுத்து அவர்கள் எழுந்து வெளியேறும் வழி. இந்த மூன்றும் தரையில் கோடாக விழுந்த பிறகுதான் கால்களை எங்கே நடுவது என்பது தெரியும். கால் நிற்கும் இடம் தெரிந்த பிறகுதான் கூரை.

இங்கே நான் எடுத்துக்கொள்வது சவுக்குக் கால் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்த இரண்டு நாள் பந்தல். பகலில் பேச்சு, பயிற்சி, கூட்டம்; இரவில் தெருக்கூத்து. சுமார் 250 பேர் தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வில்லுப்பாட்டு, வீதி நாடகம், கவியரங்கம் எதுவானாலும் இதே வரிசைதான். களத்தின் அளவு மட்டும் மாறும்.

1. தேதியும் அனுமதியும்

மாசியிலிருந்து வைகாசி வரை ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகையில் கீற்றுப் பந்தலை நினைக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் மாலை இடியும் சூறைக்காற்றும் திடீரென்று வரும். அதற்குத் தயாராக இருந்தால் போதும்.

அனுமதிக் கடிதங்களை இந்த வரிசையில் வாங்குங்கள்: இடத்தின் உரிமையாளர் (ஊராட்சி, நகராட்சி, கோயில் நிர்வாகம், தனியார்), காவல் நிலையம், தீயணைப்புத் துறை, மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு. பின்னால் வரும் அலுவலகம் பெரும்பாலும் முந்தைய கடிதத்தைக் கேட்கும் என்பதால்தான் இந்த வரிசை. பந்தலின் வரைபடம் ஒன்றைக் கையால் போட்டாவது எல்லா விண்ணப்பங்களோடும் இணையுங்கள். கால்கள், வழிகள், ஜெனரேட்டர், சமையல் இடம் நான்கும் அதில் இருந்தால் கேள்விகள் பாதியாகக் குறையும்.

ஒலி விஷயத்தை ஒளிக்காதீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல். விடிய விடிய ஆட்டம் என்றால் அதை விண்ணப்பத்திலேயே எழுதி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். "பெரியவரிடம் சொல்லியாச்சு" என்ற வாய்மொழியை நம்பி இறங்கி, கதை உச்சத்துக்குப் போகிற நேரத்தில் ஆட்டத்தை நிறுத்த வேண்டி வந்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

2. இடத்தை இரவில் போய்ப் பாருங்கள்

பகலில் போய்ப் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு முக்கியமான விஷயங்கள் கண்ணில் படுவதில்லை. தெருவிளக்கு யார் கண்ணில் அடிக்கிறது, பக்கத்துச் சாலையில் இரவு லாரி ஓடுகிறதா, கழிவறைக்குப் போகும் வழி எவ்வளவு இருட்டு, இவையெல்லாம் இரவில்தான் தெரியும். குறிப்பாகப் பெண்கள் அந்த வழியில் தனியாகப் போய் வர முடியுமா என்று, கூட ஒரு பெண்ணை அழைத்துப்போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தலைக்கு மேலே மின்கம்பி போகும் இடம் வேண்டவே வேண்டாம். நீளமான மூங்கிலைத் தூக்கி நிறுத்தும்போது கம்பியில் படுவது ஒரு நொடி வேலை. டிரான்ஸ்பார்மரிலிருந்து 15 மீட்டராவது தள்ளியிருங்கள். சுவர், கட்டடம், வைக்கோற்போர் எதுவானாலும் பந்தலின் விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. தீ தாவாமல் இருக்கவும், மக்கள் எந்தப் பக்கமும் வெளியேறவும் அந்த இடைவெளி தேவை. தீயணைப்பு வண்டி நுழையும் பாதை ஒன்று திறந்தே இருக்க வேண்டும். அந்தப் பாதையில்தான் எல்லோரும் பைக்கை நிறுத்துவார்கள் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள்.

தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் தாழ்ந்த பக்கம் களம், உயர்ந்த பக்கம் பார்வையாளர். முன்னால் இருப்பவர் தலை மறைக்காது.

3. தரையில் கோடு போடுங்கள்

இது அரை நாள் வேலை. அவசரப்பட வேண்டாம். கோலமாவு அல்லது சுண்ணாம்பு, 100 அடி டேப், நான்கு முளைக்குச்சி, நூல்கண்டு போதும்.

முதலில் திசை. ஆட்டம் விடியும்வரை போகும் என்பதால் பார்வையாளர்களைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தால் கடைசிக் காட்சியில் வெயில் கண்ணில் அடிக்கும். வட மாவட்டங்களில் கரையை ஒட்டிய ஊர்களில் கோடை மாலைக் காற்று தென்கிழக்கிலிருந்து வரும். காற்று போகும் திசையில் குரல் நன்றாகப் போகும். ஆகவே பின்பாட்டுக்காரர்கள் தெற்கே, பெரும்பகுதிக் கூட்டம் வடக்கே. உங்கள் ஊர்க் காற்று வேறு என்றால் அதற்கேற்பத் திருப்புங்கள்.

அடுத்து வடிவம். 48 அடிக்கு 48 அடி சதுரம் ஒன்று போடுங்கள். மூலைவிட்டம் இரண்டும் 67 அடி 10½ அங்குலம் வந்தால் சதுரம் சரி. வரவில்லை என்றால் திருத்திவிட்டு மேலே போங்கள். இங்கே விடும் அரை அடி, கூரை போடும்போது ஒவ்வொரு மூங்கிலிலும் வந்து நிற்கும். சதுரத்தின் தெற்கு ஓரத்தில், நடுவில், 24 அடிக்கு 24 அடி கட்டம் ஒன்று குறியுங்கள். அதுதான் முற்றம். அதற்குக் கூரை கிடையாது. மிச்சம் இருக்கும் இடம் 'ப' வடிவில் மூன்று பக்கமும் சூழ்ந்து நிற்கும். அதற்கு மட்டும் கூரை.

முற்றத்தை ஏன் திறந்து விட வேண்டும்? கூத்துக்காரர் கிரீடமும், தோளில் விரிந்து நிற்கும் புஜக்கீர்த்தி அணியும் கட்டிக்கொண்டு சுழன்று ஆடுவார். தலைக்கு மேலே தடை இருக்கக் கூடாது. களத்தின் நடுவே கால் இல்லாமல் 24 அடிக்குக் கூரையை நிறுத்த இரட்டை உத்திரமும் அனுபவமுள்ள கையும் வேண்டும். செலவும் அபாயமும் அங்கேதான் ஏறும். எங்காவது தீப்பிடித்தால் புகையும் வெப்பமும் மேலே போக வழி இருக்கும். இத்தனைக்கும் இரவு ஆட்டத்துக்குக் களத்தில் நிழல் தேவையே இல்லை.

முற்றத்தின் நடுவில் 16 அடிக்கு 16 அடி கூத்துக் களம். அதைச் சுற்றி மூன்று பக்கமும் 4 அடி இடம் விடுங்கள். அங்கே குழந்தைகள் உட்காருவார்கள். நீங்கள் விடாவிட்டாலும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். இடமில்லாவிட்டால் களத்துக்குள் வருவார்கள், ஆடுகிறவரின் கால் அவர்கள் மேல் படும்.

சம்மணமிட்டு உட்கார ஒருவருக்கு 6 சதுர அடி என்று வையுங்கள். கூரையின் கீழே 1,728 சதுர அடி. நடைவழிகளைக் கழித்தால் 220 பேருக்கு மேல் உட்காரலாம். முற்றத்தின் ஓரத்தில் இன்னும் 40 பேர். மிகக் கடைசி மூலையில் இருப்பவர்கூடக் களத்தின் நடுவிலிருந்து 45 அடிக்குள்தான் இருப்பார். பழகிய கூத்துக் குரலுக்கு இந்தத் தூரம் ஒலிபெருக்கி இல்லாமலே எட்டும். 'ப' வடிவத்தை நான் வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான். இதே கூட்டத்தை நீளப் பந்தலில் ஒரே திசையில் உட்கார வைத்தால் பின்பாதி மைக்கை நம்பித்தான் இருக்க வேண்டும்.

4. கால் எங்கே நிற்கும்

12 அடிக்கு ஒரு கால் என்பது வழக்கமான கணக்கு. அப்படியே போட்டால் வடக்குப் பகுதியில் நட்டநடுவில் ஒரு கால் வந்து நிற்கும். அது களத்துக்கு நேர் எதிரே, எல்லோரும் பார்க்க விரும்பும் இடத்தில் நிற்கும். புதியவர்கள் போட்ட பந்தல்களில் அடிக்கடி பார்க்கும் குறை இது. கோட்டில் பார்க்கும்போது ஒரு புள்ளிதான். நட்ட பிறகு, அதற்குப் பின்னால் வரிசையாக இருக்கும் அத்தனை பேரும் இரவு முழுக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

அதனால் வடக்குப் பகுதியின் மூன்று வரிசைகளிலும் நடுக் காலை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் நடுவிலிருந்து இரு பக்கமும் 4 அடி தள்ளி ஒவ்வொரு கால் நடுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் மேற்கு ஓரத்திலிருந்து 0, 12, 20, 28, 36, 48 என்று அடிக்கணக்கு வரும். நடுவில் கிடைக்கும் 8 அடி இடைவெளிதான் பிரதான நடைவழி. பார்வையும் மறையாது, வழியும் கிடைக்கும். தெற்கே இருக்கும் இரண்டு வரிசைகளில் 0, 12, 36, 48 மட்டும். மொத்தம் 26 கால். நான்கைக் கூடுதலாக வரவழைத்துக்கொள்ளுங்கள், வளைந்ததும் வெடித்ததும் கண்டிப்பாக இருக்கும்.

கோடு போட்ட பிறகு, குழி தோண்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு கால் புள்ளியிலும் ஓர் ஆளை நிறுத்திவிட்டு நீங்கள் நான்கைந்து இடங்களில் தரையில் உட்கார்ந்து பாருங்கள். நின்று பார்ப்பதில் பயனில்லை. கூட்டம் உட்கார்ந்துதான் பார்க்கப்போகிறது.

5. கால் நடுதல்

முற்றத்தை ஒட்டிய கால்கள் தரைக்கு மேல் 12 அடி, வெளி ஓரக் கால்கள் 10 அடி, இரண்டுக்கும் நடுவே வருபவை 11 அடி. கூரை வெளிப்பக்கம் சரிந்தால்தான் தூறல் விழுந்தாலும் தண்ணீர் களத்துக்குள் வராது. எந்த இடத்திலும் 10 அடிக்குக் கீழே கூரை இறங்கக் கூடாது. உயரம் குறைந்தால் வெக்கை தலையில் இறங்கும், தீப்பிடித்தால் புகையும் சீக்கிரம் முகமட்டத்துக்கு வந்துவிடும்.

மண்ணுக்குள் 2½ அடி. ஆகவே 14½ அடி, 13½ அடி, 12½ அடி என்று மூன்று நீளத்தில் சவுக்குக் கட்டை கேளுங்கள். அடிப்பாகம் 4 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். குழியை ஓர் அடி அகலத்துக்கு மேல் தோண்டாதீர்கள். அகலக் குழியில் கால் ஆடும். கடப்பாரையால் குத்தி, மண்ணைக் கையால் அள்ளினால் குழி நேராக வரும்.

காலை இறக்கி, இரண்டு பக்கத்திலிருந்து தூக்குக்குண்டு பார்த்து நேராக்கி, உடைத்த செங்கல்லும் காய்ந்த மண்ணும் அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்குங்கள். குழியை மொத்தமாக மண் போட்டு மூடிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது பரவலான பழக்கம். மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே சேறாக இருக்கும், அடுத்த நாள் கால் சாயும். முகூர்த்தக்கால் நடும் சடங்கு இருந்தால் ஈசானிய மூலைக் காலை முதலில் நட்டு அதைச் செய்துவிடுங்கள். அதையே மற்றக் கால்களுக்கு அளவுக் காலாக வைத்துக்கொள்ளலாம்.

சிமெண்ட் தரை என்றால் தோண்ட முடியாது. 200 லிட்டர் தார் டிரம்மில் காலை நிறுத்தி மணல் நிரப்பினால் ஒவ்வொன்றும் 300 கிலோ வரை வரும். ஜல்லி மூட்டையைக் காலடியில் சாய்த்து வைப்பது எதற்கும் உதவாது.

6. மேல்கட்டும் காற்றும்

கால் நட்ட மறுநாள்தான் உத்திரம் கட்டுங்கள். மண் ஓர் இரவு அமரட்டும். மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு காலிலும் மட்டம் குறித்துக்கொண்டு, அந்தக் குறியில் மூங்கில் உத்திரத்தைக் கட்டுங்கள். கயிறு தேங்காய் நார்க் கயிறாகவோ சணலாகவோ இருக்க வேண்டும். நைலான் கயிறு வழுக்கும். தீயில் உருகி விட்டுவிடும், கூரை மொத்தமாக இறங்கும். நார்க் கயிற்றை நனைத்துக் கட்டினால் முடிச்சு நன்றாக உட்காரும். ஆனால் காய்ந்ததும் சற்றுத் தளரும். அடுத்த நாள் காலை ஒரு சுற்று வந்து எல்லாக் கட்டையும் இறுக்குவதை மேஸ்திரியிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேசாவிட்டால் யாரும் வர மாட்டார்கள்.

உத்திரம் முடிந்ததும் குறுக்குக் கட்டைகள். வெளிவரிசைக் கால்களுக்கு நடுவே காலின் நடுப்பகுதியிலிருந்து அடுத்த காலின் உச்சிக்குச் சாய்வாக ஒரு கட்டை. பின் மூலைகளில் இரண்டு திசையிலும் வேண்டும். இதைக் கீற்று வேய்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பலர் கூரையைப் போட்டுவிட்டு, ஆடுகிறதே என்று பிறகு கட்டை வைக்கிறார்கள். அதற்குள் கால்கள் சாய்ந்துவிட்டிருக்கும், சாய்ந்த நிலையிலேயே கட்டிவிடுவார்கள்.

காற்றின் கணக்கைத் தெரிந்துகொண்டால் இதன் அவசியம் புரியும். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 14 கிலோ விசையைத் தரும். நம் கூரை 160 சதுர மீட்டர். காற்றுப் புகாத துணியாக இருந்தால் அதைத் தூக்கும் விசை 2 டன்னைத் தாண்டலாம். ஒரு காலுக்குச் சராசரி 85 கிலோ, ஓரக் கால்களுக்கு அதைவிட அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. கீற்றில் காற்று ஊடுருவும் என்பதால் விசை குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

ஆகவே வெளிவரிசைக் கால்களின் உச்சியிலிருந்து இழுகயிறு கட்டி, 8 அடி தள்ளி முளையடித்து இறுக்குங்கள். முளையைப் பந்தலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். இழுகயிறு எந்த வழியையும் மறிக்கக் கூடாது. வடக்கே நடுவழியின் இரு பக்கக் கால்களுக்கு இழுகயிறே வேண்டாம், குறுக்குக் கட்டை போதும். மற்றக் கயிறுகளில் வெள்ளைத் துணி கட்டுங்கள், இருட்டில் கால் தடுக்கும்.

7. கீற்று வேய்தல்

உத்திரத்தின் மேல் ஓர் அடிக்கு ஒன்றாகச் சிறு மூங்கில் அல்லது சவுக்குக் கம்பைப் பரப்பிக் கட்டுங்கள். கீற்றைத் தாழ்ந்த ஓரத்திலிருந்து, அதாவது வெளிப்பக்கத்திலிருந்து, மேல் நோக்கி வேய வேண்டும். மேல் கீற்று கீழ்க் கீற்றின் மேல் மீன் செதில் போல ஏறி நிற்க வேண்டும். தலைகீழாக மேலிருந்து வேய்ந்தால் ஒவ்வொரு இணைப்பும் தண்ணீரை உள்ளே விடும். காற்றும் அதற்குள் புகுந்து கிளப்பும்.

வடக்குக் கூரை பின்னோக்கிச் சரியும், பக்கக் கூரைகள் வெளியே சரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் முக்கோணமாக ஒரு திறப்பு வரும். அதை மூட முயலாதீர்கள். வெக்கை அந்த வழியாகப் போகட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சரிவில் வேய்ந்த கீற்று வெயிலையும் பனியையும் தடுக்கும், மழையைத் தடுக்காது. மழை ஒழுகாமல் இருக்க இதைவிடப் பல மடங்கு செங்குத்தான சரிவு வேண்டும். அதற்காக மேலே தார்ப்பாய் விரிப்பது ஆபத்து. தண்ணீர் தேங்கும், பாய் தொட்டியாகத் தொங்கும், ஒரே இடத்தில் பாரம் சேர்ந்து மூங்கில் முறியும். மழை வந்தால் ஆட்டத்தை நிறுத்துவது என்று முடிவெடுத்துக்கொண்டு வேயுங்கள்.

8. களத்தின் தரையும் வேடம் கட்டும் கொட்டகையும்

பந்தல் வேலை முடிந்ததும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். களத்தின் தரை யார் பொறுப்பு என்பது யாருக்கும் தெரியாது. பந்தலில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் இடம் இதுதான், ஆனால் இரவு முழுக்கச் சலங்கையோடு குதிப்பது இங்கேதான். கல், ஆணி, கண்ணாடிச் சில்லு, கோரைக்கிழங்கு முளை எல்லாவற்றையும் கையால் தடவிப் பொறுக்க வேண்டும். பள்ளங்களை மண் போட்டு நிரப்பி, நீர் தெளித்து, திமிசால் இடித்துச் சமப்படுத்துங்கள். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு மறுபடி லேசாகத் தெளிக்க வேண்டும். தெளிக்காவிட்டால் கிளம்பும் புழுதி பாடுகிறவரின் தொண்டையில்தான் இறங்கும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் தெளித்தால் வழுக்கும்.

முற்றத்தின் தெற்கு வாயில் 24 அடி. அதன் நடுவில் 12 அடிக்குப் பின்பாட்டு பெஞ்சு. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், கூடப் பாடுகிறவர்கள் எல்லோரும் அங்கே. பெஞ்சின் இரு பக்கமும் ஆறாறு அடி வழி கிடைக்கும். வேடக்காரர் திரை பிடித்து வருவது அந்த வழியில்தான். திரைக்கு இரு பக்கமும் ஆள் நிற்க, நடுவே புஜக்கீர்த்தி விரிந்த உருவம் வர வேண்டும். 3 அடி வழி வைத்துவிட்டு, துரியோதனன் பக்கவாட்டில் நுழைவதைப் பார்க்க எனக்கு மனம் வலிக்கும்.

பெஞ்சுக்குப் பின்னால் பிளைவுட் பலகைகளை நிறுத்துங்கள். கீற்றும் துணியும் குரலை விழுங்கும், பலகை அதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி அனுப்பும். அலங்காரம் என்று அங்கே வெல்வெட் துணி தொங்கவிடுவது குரலைக் கொல்லும். பெஞ்சின் மேல் மட்டும் சிறிய தகரக் கூரை போடலாம். தோல் வாத்தியம் பனியில் நனையக் கூடாது.

அதற்கு 10 அடி பின்னால் வேடம் கட்டும் கொட்டகை, 12 அடிக்கு 16 அடி. இதற்கும் தகரம்தான். மரத்தில் செய்து கண்ணாடி பதித்த அணிகலன்களும் உடைகளும் குழுவின் மொத்தச் சொத்து. அவை நனையவும் கூடாது, கீற்றின் கீழே தீ அபாயத்தில் இருக்கவும் கூடாது. நாலா பக்கமும் தட்டி, இரண்டு வாசல், நல்ல வெளிச்சம், விரிக்கப் பாய், ஒரு குடம் தண்ணீர், வாளி. ஒப்பனை பல மணி நேர வேலை, ஆகவே மாலையிலேயே இது தயாராக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு விருந்து போட்டுவிட்டுக் கலைஞர்களை மரத்தடியில் உட்கார வைத்து முகத்தில் அரிதாரம் பூச விடுவது மரியாதை இல்லை.

9. விளக்கு, மின்சாரம், ஒலி

முற்றத்தின் நான்கு மூலைக் கால்களிலும் 11 அடி உயரத்தில் எல்இடி ஃபோகஸ் லைட் ஒவ்வொன்று. களத்தை நோக்கிச் செங்குத்தாக இறக்கிக் கட்டுங்கள். படுக்கையாகத் திருப்பினால் எதிர்ப்பக்கம் இருப்பவர் கண்ணில் அடிக்கும். மூன்று பக்கமும் ஆட்கள் இருப்பதால் இந்தச் சாய்வைச் சரிபார்க்க மூன்று பக்கமும் போய் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். 3,000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் வாங்குங்கள். நீலம் கலந்த வெள்ளையில் சிவப்பு ஒப்பனை மங்கித் தெரியும்.

ஹாலஜன் விளக்கு கீற்றுப் பந்தலுக்குள் எங்கும் கூடாது. தொட்டால் கை பொசுங்கும் சூடு அது. ஒயர்களைக் குழாய்க்குள் விட்டுக் கால் வழியாக இறக்குங்கள், கீற்றின் மேலோ ஊடாகவோ ஓட விடாதீர்கள். பந்தலுக்குள் ஒயர் முடிச்சுப் போட்டு டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் ஆர்சிசிபி சுவிட்சும் எர்த்தும் கட்டாயம், ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். பிரதான சுவிட்ச் பந்தலுக்கு வெளியே, பூட்டாமல், ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கும்படி இருக்க வேண்டும்.

ஜெனரேட்டரை 50 அடிக்கு அப்பால், காற்று போகும் பக்கம் வையுங்கள். சத்தமும் புகையும் கூட்டத்துக்கு வராது. ஒலிபெருக்கி பகல் கூட்டத்துக்குத்தான். பெஞ்சின் இரு பக்கமும் சின்ன ஸ்பீக்கர் இரண்டு போதும். கூம்பு ஸ்பீக்கரைக் கட்டினால் ஊருக்குக் கேட்கும், பந்தலுக்குள் இருப்பவருக்குச் சொல் புரியாது.

10. நெருப்பு

1997இல் தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் எரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2004 ஜனவரியில் திருவரங்கத்தில் திருமணப் பந்தல் எரிந்து மணமகன் உட்படப் பலர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணம் பள்ளியின் கீற்றுக் கூரைத் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். கீற்று பற்றினால் அணைக்க நேரம் கிடைக்காது. ஆகவே பந்தலின் தீப்பாதுகாப்பு என்பது முதலில் மக்கள் ஓடுவதற்கான வழி, பிறகுதான் அணைக்கும் கருவி. தற்காலிகப் பந்தல்களின் தீப்பாதுகாப்புக்கென்றே ஐஎஸ் 8758 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. தீயணைப்புத் துறையிடம் போகும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பக்கங்களைத் துணியாலோ தட்டியாலோ மூடாதீர்கள். அழகுக்காகவும், வெளியாட்கள் நுழையாமல் இருக்கவும் சுற்றிலும் மறைப்புக் கட்டுவதுதான் உயிரை எடுக்கும் தவறு. மேற்கே சாய்வெயில் அடித்தால் இரண்டு கால்களுக்கு நடுவே தட்டி, அடுத்தது திறப்பு என்று மாற்றி மாற்றிக் கட்டி, வெயில் இறங்கியதும் கழற்றிவிடுங்கள். நடைவழிகளில் பாய் விரிக்க விடாதீர்கள். ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் அந்த 8 அடி வழி தூங்கும் குழந்தைகளால் நிரம்பிவிடும். அதைத் தடுக்க ஒரு தொண்டர் இரவு முழுக்க அங்கேயே இருக்க வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் குழுவினர் பூசை செய்வார்கள். கற்பூரத்தை முற்றத்தின் நடுவே, வெறும் மண்ணில் வைத்த தட்டில் ஏற்றச் சொல்லுங்கள். சில குழுக்கள் தீப்பந்தத்தில் குங்கிலியப் பொடி வீசி நெருப்பை எழுப்புவார்கள். கீற்றுப் பந்தலில் அது வேண்டாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே குழுவை நடத்தும் வாத்தியாரிடம் பேசிவிடுங்கள். காரணம் சொன்னால் மறுக்க மாட்டார்கள். பட்டாசு, பீடி, சிகரெட் கூடாது. சமையல் 50 அடிக்கு அப்பால்.

தண்ணீர் நிரப்பிய டிரம், வாளிகள், மணல் வாளிகள், தீயணைப்பான் ஆகியவை நான்கு வெளி மூலைகளிலும் வேண்டும். மின்பெட்டி அருகே பொடி வகைத் தீயணைப்பான். மாலையில் கீற்றில் நீர் தெளிப்பது குளிர்ச்சிக்கு நல்லது, ஆனால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். தெளித்தாயிற்று என்று தைரியமாக இருக்காதீர்கள்.

11. நிகழ்ச்சி நாள்

காலையில் எல்லாக் கட்டுகளையும் இறுக்குங்கள். ஒவ்வொரு காலையும் இரண்டு பேர் தள்ளிப் பாருங்கள். விளக்கைப் போட்டு, மெயினை அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். பெஞ்சில் ஒருவரைப் பாடச் சொல்லிக் கடைசி மூலையில் நின்று கேளுங்கள். முதியவர்களுக்கு நாற்காலி வெளி ஓரத்தில். முன்னால் போட்டால் பின்னால் தரையில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஊர்ப் பெரியவர்களுக்கு முன்வரிசையில் சோபா போடும் வழக்கத்தை நயமாக மறுத்துவிடுங்கள். பாயில் முன்னால் உட்கார அழைத்தால் அவர்களும் மகிழ்ந்துதான் உட்காருகிறார்கள்.

நிறுத்தும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும் இருக்க வேண்டும். அவர் ஆட்டத்தில் ஆழ்ந்துவிடாதவராக இருக்கட்டும். இடிச் சத்தம் கேட்டாலோ கூரை அலையத் தொடங்கினாலோ அவர் கையைத் தூக்கியதும், கூத்தில் கதையை அறிவித்து நடத்திச் செல்லும் கட்டியங்காரனே களத்தில் நின்று அறிவிக்கட்டும். கூட்டம் அவர் சொல்வதைத்தான் கேட்கும். குழு வந்து இறங்கியதும் இதை அவரிடம் பேசி வையுங்கள். எல்லோரும் பக்கத்துப் பள்ளிக் கட்டடத்துக்கோ மண்டபத்துக்கோ போக வேண்டும். சாவி யாரிடம் என்பதை மாலையே தெரிந்துகொள்ளுங்கள். மரத்தடிக்கு அனுப்பாதீர்கள்.

12. பிரித்தல்

இரவெல்லாம் கண்விழித்த கையோடு பிரிக்கத் தொடங்குவதில்தான் ஆட்களுக்குக் கை கால் முறிவுகள் நடக்கின்றன. மதியம்வரை யாரும் ஏற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து ஒயர்களைக் கழற்றிய பிறகு, கட்டிய வரிசைக்கு நேர் எதிராகப் போங்கள்: கீற்று, சிறு கம்புகள், குறுக்குக் கட்டை, உத்திரம், கால். இழுகயிற்றை உத்திரம் இறங்கும்வரை அவிழ்க்காதீர்கள். சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று கயிற்றை முதலில் வெட்டினால், மேலே ஆள் இருக்கும்போதே சட்டம் சாயும்.

நல்ல கீற்றை அடுக்கித் திருப்பிக் கொடுங்கள், நைந்ததை அங்கேயே கொளுத்தாதீர்கள். ஆணி, கம்பித்துண்டுகளை ஒலிபெருக்கிக் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தால் சேகரித்துவிடலாம்.

26 குழிகளையும் அன்றே மூடுங்கள். ஆடு மாடும் சைக்கிளில் போகும் பிள்ளைகளும் அன்று மாலையே அந்த வழியாக வருவார்கள். செங்கல் துண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, மண்ணை அடுக்கடுக்காக இடித்து, தரைமட்டத்துக்கு மேல் ஒரு சாண் மேடாக நிரப்புங்கள். முதல் மழையில் அது அமுங்கிச் சமமாகிவிடும்.